சைலன்சர் மாத்தப் போறீங்களா? ஒரு காது டாக்டர் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க

"பையனுக்கு புல்லட் வாங்கிக் கொடுத்தோம் சார். இப்ப சைலன்சர் மாத்தணும்னு ஒரே அடம். எது போட்டா நல்லது?" இப்படி இன்பாக்ஸில் ஒரு அக்கா கேட்டிருக்காங்க.

பதில் ஒரே வரிதான். கம்பெனி போட்டுக் கொடுத்தது நல்லது. மாத்தாதீங்க.

ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, காக்ளியா. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 முடி போன்ற செல்கள். சத்தத்தை நரம்புக்குப் புரியும் சிக்னலா மாத்துறது இவைதான். தோல் கிழிந்தால் மூடிக்கும். எலும்பு உடைந்தால் கூடும். இந்தச் செல் செத்தால் செத்ததுதான். மனிதனுக்கு அது திரும்ப முளைக்காது. மாத்திரையும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது.

சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் ஆரம்பிக்கும். அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச வருஷம் கழிச்சு என்ன சொல்வாங்க தெரியுமா? "பேசுறது கேக்குது டாக்டர், என்ன பேசுறாங்கன்னுதான் புரியல." மெய்யெழுத்துகளின் கூர்மையான ஒலி போய்விடும். கட்டை, சட்டை, பட்டை எல்லாமே "அட்டை"யா கேட்கும். கல்யாண வீட்டில், கூட்டத்தில் சிரிச்சுச் சமாளிப்பாங்க. கூடவே இரவில் காதுக்குள் ஓயாத ஒரு "ங்ஙொய்". இந்த ரீங்காரத்தை முழுசா நிறுத்தித் தர எங்களிடம் மருந்து இல்லை.

இப்ப கணக்குக்கு வருவோம். டெசிபல் நம்ம கடைக்கணக்கு மாதிரி ஏறாது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 80 எங்கே 95 எங்கே, "15 தானே" என்று நினைப்பீங்க. 32 மடங்கு! அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனம் (நியாஷ்) சொல்லும் பாதுகாப்பு அளவு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 15 நிமிஷம். அதுக்கு மேல் ஓட்டுற ஒவ்வொரு நிமிஷமும் காதிலிருந்து எடுக்கிற கடன்.

"லாங் ரைடு போய்ட்டு வந்தா காது அடைக்கும், மறுநாள் சரியாயிடும் டாக்டர்." சரியான மாதிரி தெரியும். அப்படித் தற்காலிகமாகக் கேட்பு குறைந்து மீண்ட எலிகளின் காதை ஆராய்ந்து 2009இல் ஒரு ஆய்வு வந்தது. கேட்பு திரும்பியிருந்தது. செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பல திரும்பவே இல்லை.

சரி, கடைக்காரர் என்ன சொல்றார்? "பவர் ஏறும் தம்பி." 350 சிசி கிளாசிக்கின் மொத்த சக்தியே 20 குதிரைத்திறன் சொச்சம். பஞ்சாபி, இந்தோரி, ஷார்ட் பாட்டில் என்று எதை மாட்டினாலும் அது பந்தயக் குதிரை ஆகாது. சத்தம் கூடுறதால வேகம் கூடின மாதிரி மூளை நம்பிக்குது, அவ்வளவுதான். இஞ்சினின் பெட்ரோல் கணக்கு பழைய சைலன்சருக்காக எழுதப்பட்டது. அதைத் திருத்தாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டால் ஆக்சிலேட்டரை விடும்போது "பட் பட்" என்று வெடிக்கும். அதையும் கெத்துன்னு ரீல்ஸ் போடுறாங்க.

இன்னொன்றை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டாங்க. பல வண்டிகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள்ளேயோ பெண்ட் பைப்பிலோதான் இருக்கு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசி, கார்பன் மோனாக்சைடு மாதிரி விஷவாயுக்களை மாத்துற பாகம் அது. அதைக் கழற்றிப் போட்டுட்டு, பெட்ரோல் டாங்க் மேல் குழந்தையை உட்கார வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. உங்களுக்காவது ஹெல்மெட் இருக்கு. அந்தக் குழந்தை காதுக்கு?

அடுத்த வாதம்தான் எனக்கு ரொம்பக் கோபம் வர வைக்கிறது. "சத்தம் இருந்தா லாரிக்காரன் விலகுவான், அது சேஃப்டி." 1981இல் அமெரிக்காவில் ஹர்ட் அறிக்கை வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரடியாகப் போய் ஆராய்ந்தார்கள். முக்கால்வாசிக்கும் மேல் ஆபத்து வந்தது வண்டிக்கு முன்பக்கத்திலிருந்து. உங்க சைலன்சர் எந்தப் பக்கம் பார்த்துக் கத்துது? பின்னாடி! ஸ்கூட்டியில் வர்ற அக்காவுக்கும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும்தான் அந்த "சேஃப்டி". எதிரே வருபவர் பார்க்கத்தான் 2017 ஏப்ரலில் இருந்து புது வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரியுது. அது எரியுதான்னு பாருங்க, போதும்.

"என் வண்டி, என் காசு, என் காது." காது உங்களோடது, ஒத்துக்கறேன். தெரு? இரவு 11 மணிக்கு நீங்க கடந்து போற நூறு வீட்டில் யாராவது இதய நோயாளி இருப்பார். தூக்கத்திலிருந்து எழாவிட்டாலும், திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டித்தான் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வரம்பு சொன்னது. ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்னு 2000ஆம் வருஷ விதியே இருக்கு. போர்டு வெச்சிருப்பாங்க. அந்த போர்டுக்கு நேரா ஆக்சிலேட்டரை முறுக்குறவங்களை வார்டு ஜன்னலில் இருந்து தினமும் பார்க்கிறேன்.

பெற்றோர்களே, சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2): ஒலி வரம்பை மீறிய வண்டியை ஓட்டினவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதிச்சவரும் மாட்டுவார். முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும். போலீஸ் ரோடு ரோலர் ஏத்தி சைலன்சரை நசுக்குற வீடியோ பார்த்துக் கை தட்டுறோம். அதை மாட்டிவிட்ட கடை மறுநாள் காலையில் திறந்துதான் இருக்கு. அங்கே யார் ரோலர் ஏத்துவது?

பழையது துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தால், அதே மாடலுக்கான ஒரிஜினலையே வாங்குங்க. விலை கூடத்தான். காது மெஷின் அதைவிட விலை கூட. ஏற்கெனவே மாத்திட்டீங்களா? டிபி கில்லரைப் பிடுங்கி எறிஞ்சிருந்தால் இன்னைக்கே திரும்ப மாட்டுங்க, ஒரிஜினலைத் தேடி எடுங்க. "பழசு எங்ககிட்டயே இருக்கட்டும்"னு கடைக்காரர் கேட்டால் கொடுக்காதீங்க, வீட்டுக்குக் கொண்டு வாங்க.

காதில் ரீங்காரம் இருக்கிறவங்க, டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறவங்க, பக்கத்து அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பாருங்க. வலிக்காது. ரைடு போன அன்னைக்கே போகாதீங்க, ஒரு நாள் விட்டுப் போங்க. அப்பதான் ரிசல்ட் சரியா வரும்.