ஊர் ஏரியின் சேற்று விளிம்பு

ஆவணி, புரட்டாசி மாதங்களில் கிராம நீர்நிலைகளின் ஓரத்தில் சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக ஓடித் திரிவதைக் காண்போர் பலர். அவை எங்கிருந்து வந்தன என்று வினவுவோர் சிலரே. முப்பது கிராம் எடைகூடத் தேறாத கொசு உள்ளான், வடகோடிச் சைபீரியாவின் மரமற்ற துருவச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு ஆசியக் கண்டத்தைக் கடந்து இங்கு வந்து சேர்கிறது. முதிர்ந்த பறவைகளே முன்னர்ப் புறப்படுகின்றன. அவ்வாண்டுக் குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, வழிகாட்டும் பெற்றோர் இன்றியே இப்பயணத்தை முடிக்கின்றன. ஆதலின் ஆகஸ்டில் காணும் கூட்டமும் செப்டம்பர் இறுதியில் காணும் கூட்டமும் ஒரே தன்மையன அல்ல. முன்னதில் தேய்ந்த இறகுகளும் செந்நிறத்தின் எச்சமும் தென்படும்; பின்னதில் விளிம்பு வெளுத்த புத்திறகுகள் மிகுதி. இளையவை எத்தனை என்று பார்த்தால், வடக்கே அவ்வாண்டு குஞ்சு பொரிப்பு எவ்வாறு நடந்தது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

இக்காலத்து வரவு இந்நாட்டில் போதிய அளவு பதிவு செய்யப்படவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது, அது நற்பணியே. ஆயினும் ஜனவரியில் எண்ணப்படுவன குளிர்காலத்துக்கு நிலைகொண்ட பறவைகள். ஓரிரு நாள் இரை தேடிவிட்டு அப்பால் செல்பவை அக்கணக்கில் இடம்பெறா. 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை குறித்த அறிக்கை, வலசை வரும் கரைப்பறவைகளைக் குறைந்துவரும் இனங்களுள் வைத்திருக்கும்போது, இக்குறையைப் பொருட்படுத்தாதிருப்பது தகாது.

இப்பறவைகளுக்கு வேண்டுவது பெருநீர் அன்று. சில விரற்கடை ஆழமே உள்ள நீரும் ஈரச் சேறுமே. உப்புக்கொத்தி கண்ணால் கண்டு ஓடிக் கொத்துகிறது. கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றினுள் செலுத்தித் துழாவுகிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் செப்டம்பரில் ஏரிகள் நிரம்பி நிற்கும். சிலிகா ஏரியின் நலபணத் தீவே மழைக்காலத்தில் நீரில் மூழ்கிப் பின்னரே வெளிப்படுகிறது. அவ்வேளையில் எஞ்சுவன வயல்களும், ஏரியின் சரிவான ஓரங்களுமே. சோழமண்டலக் கரையிலோ நிலை நேர்மாறானது: வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலேதான் தொடங்குவதால் ஏரிகள் வற்றிச் சேறு அகன்று கிடக்கும்.

இவ்விளிம்புதான் இன்று குறுகிவருகிறது. 2022-இல் தொடங்கப்பெற்ற அமிர்த சரோவர் இயக்கம் மாவட்டத்துக்கு 75 குளங்களை உருவாக்கவோ புதுப்பிக்கவோ இலக்கு வகுத்தது. நீர் சேமிப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்புறமும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்த குளத்தில் கொசு உள்ளான் கால் ஊன்ற இடமில்லை. ஆழங்குறைந்த நீர் விரைவில் ஆவியாகும் என்று பொறியாளர் கூறுவர், அது மெய்யே. எனினும் நான்கு பக்கங்களில் ஒன்றைச் சரிவாக விடுவதால் நேரும் இழப்பு சிறிது. பழைய ஏரிகளும் ஒருபுறம் கரையும் மறுபுறம் மெல்லச் சாயும் நிலமுமாகவே அமைந்தன. கால்நடைகள் இறங்கி நீர் அருந்தவும் அதுவே வழி.

சட்டத்தின் துணையும் இங்கு மிகுதியன்று. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் நெல்வயல்களையும், பாசனத்துக்கென்றோ குடிநீருக்கென்றோ அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் தம் வரையறையினின்று விலக்கியுள்ளன. எனவே ஊர் ஏரிக்காகப் பேச வல்லது எழுதிவைத்த குறிப்பு ஒன்றே.

அதனை எழுதத் தகுந்தவர் ஊரிலேயே உறையும் ஆசிரியரும் களப் பணியாளருமே. வாரம் ஒரு காலை, கதிரவன் முதுகுப்புறம் இருக்க அமர்ந்து, தேதி, சேற்றின் அகலம், பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்தால் போதும். இனம் தெரியாவிடில் ‘சிறு உள்ளான்’ என்று எழுதுக. பிழையான பெயரினும் அது மேல். பறவையே இல்லாத நாளையும் விடாது குறித்தல் வேண்டும்; மாணவர்கள் இதனைத்தான் பெரும்பாலும் மறப்பர். காலில் வளையமோ வண்ணக் கொடியோ தென்பட்டால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம்.

தூர்வாரும் வேலை பெரும்பாலும் கோடையில் நடைபெறுவது. அதன் மதிப்பீடோ முன்னரே தயாராகிவிடும். செப்டம்பர்க் குறிப்பு அதற்குள் ஊராட்சி அலுவலகத்தை எட்டுதல் வேண்டும்.