எடைக்கல்லை வைத்தா ஆளை எடுப்பது?



சில மாதங்களாக நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். 13 வயதுப் பேரன் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் 'வைட் ரிசீவர்' அவன். போன வாரம் முகம் வாடி வந்தான். "ஒல்லியா இருக்கேனாம் தாத்தா. இந்த உடம்போட மேல போக முடியாதாம்" என்றான். அன்றிலிருந்து அவனோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரியில் ஆடியவர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். மொத்தம் 7 சுற்று. முன்னால் எடுக்கப்பட்டால் சம்பளம் கூடுதல். அதற்கு முன்பே உயரம், எடை, கை நீளம், 40 கெஜ ஓட்டம் எல்லாவற்றையும் அளந்துவிடுகிறார்கள்.

அளப்பதில் நியாயம் இருக்கிறது. முதல் 5 கெஜத்துக்குள் எதிராளி ரிசீவரைக் கைவைத்துத் தடுக்கலாம். ஒல்லியானவன் அங்கேயே மாட்டிக்கொண்டால் பந்து வரும் இடத்துக்கு நேரத்தில் போக முடியாது. உயரமானவன் எம்பிப் பிடிப்பான். இத்தனை அடியை உடம்பு தாங்குமா என்ற கவலையும் உண்டு.

ஆனால் 2019 டிராஃப்டைப் பாருங்கள். ரிசீவர்களில் முதலில் எடுக்கப்பட்டவர் மார்க்கீஸ் பிரவுன். 5 அடி 9 அங்குலம், சுமார் 75 கிலோ. வேகத்துக்காக 25ஆவது இடத்தில் எடுத்தார்கள். 6 அடி 3 அங்குலம், 103 கிலோ இருந்த டி.கே. மெட்காஃப் 64ஆவது இடம் வரை காத்திருந்தார். அவருக்கும் வேகம் இருந்தது. ஆனால் கழுத்தில் காயம் பட்டிருந்தது. சட்டென்று திரும்பும் சோதனையிலும் பின்தங்கினார். பிறகு அவரும் நன்றாகவே ஆடினார்.

2021இல் டெவான்டா ஸ்மித். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் வாங்கியவர். 6 அடி உயரம். எடை அதே 75 கிலோதான். ஒல்லி என்று பேசாதவர்கள் இல்லை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 10ஆவது இடத்தில் எடுத்தது. 2025 பிப்ரவரி சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் 46 கெஜப் பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டார். எதிராளியின் கை படுவதற்குள் விலகிவிடும் கால்கள் அவருக்கு.

எடை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒல்லியானவனுக்கு மற்றதெல்லாம் ஒருபடி மேலாக இருக்க வேண்டும். ஆனால், கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்களே எடையைப் பார்த்த கையோடு ஆட்டத்தையும் பார்க்கிறார்கள். இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளையிடம் பள்ளிக்கூடம் மட்டும் ஏன் இப்போதே கதவைச் சாத்த வேண்டும்?

கேட்கும் எனக்கும் இதில் பங்குண்டு. கபடிக்கு ஆள் எடுக்கும்போது, குள்ளப் பையன்களை ஒரு ரவுண்டுகூட ஆடவிடாமல் வகுப்புக்கு அனுப்பியவன்தான் நானும். அவர்களில் யாருக்குக் கால் வேகம் இருந்ததோ, இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

பேரனிடம் சொன்னேன்: "நல்லா சாப்பிடு, எடை தானா ஏறும். அதுவரைக்கும் காலைப் பழக்கு."

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?