செல்லும் பட்டம் எது?

போலீஸ், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகிய இலாகாக்களில் உத்தியோகம் தேடும் அமெரிக்க இளைஞர்கள், குற்றவியல் நீதித்துறைப் பட்டத்தை இன்று வீட்டிலிருந்தபடியே இணையவழியில் படித்து வாங்கலாம். “அங்கீகாரம் பெற்ற கல்லூரி” என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. யார் கொடுத்த அங்கீகாரம் என்பதல்லவா கேள்வி?

அந்த நாட்டில் கல்லூரிகளை அங்கீகரிப்பது சர்க்கார் அல்ல, தனிப்பட்ட சபைகள். எந்தச் சபையின் சொல்லை ஏற்கலாம் என்பதை மட்டுமே மத்திய கல்வி இலாகா நிர்ணயிக்கிறது.

வெஸ்ட்வுட் கல்லூரியின் கதை இதற்கு உதாரணம். சிகாகோ வட்டாரத்தில் அது இந்தப் பட்டப் படிப்பை நடத்தியது. அங்கீகாரமும் இருந்தது, ஆனால் பிராந்தியச் சபையின் அங்கீகாரம் இல்லை. ஆகவே இல்லினாய் மாகாணப் போலீஸ் முதலிய இலாகாக்களில் அந்தப் பட்டம் செல்லாது. இதை மறைத்து மாணவர்களைச் சேர்த்தார்கள் என்று மாகாண அட்டர்னி ஜெனரல் 2012-இல் வழக்குத் தொடுத்தார். 2016-இல் கல்லூரி மூடப்பட்டது. அதன் எல்லாக் கிளைகளிலுமாகப் படித்த 79,000 பேரின் 150 கோடி டாலர் கடனை 2022-இல் மத்திய சர்க்கார் ரத்து செய்தது. கடன் தீர்ந்தது, கழிந்த வருஷங்கள் திரும்புமா?

பிராந்தியச் சபை, தேசியச் சபை என்ற பாகுபாட்டை 2020-இல் மத்திய விதிகள் நீக்கிவிட்டன. ஆயினும் ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை ஏற்பதும் தள்ளுவதும் இன்றும் மற்றக் கல்லூரியின் இஷ்டமே.

ஆகவே சேருமுன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கல்லூரியின் பெயர் கல்வி இலாகாவின் ஜாபிதாவில் உள்ளதா என்று பார்ப்பது ஒன்று. வேலைக்குச் சேர விரும்பும் இலாகாவுக்கே எழுதி, “இந்தப் பட்டம் செல்லுமா?” என்று கேட்டுப் பதில் வாங்குவது மற்றொன்று. பல நகரங்களில் போலீஸ்காரர் வேலைக்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பே போதும் என்பதும் அப்போது தெரிய வரும்.

பட்டத்துக்கு விலை வைப்பவர் கல்லூரிக்காரர். மதிப்புப் போடுபவர் வேலை கொடுப்பவர்!