கார்பன் சந்தையும் பஞ்சமி நிலமும்

சங்கரன்கோவில் வட்டாரத்திலும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் காற்றாலைகள் மின்சாரத்தோடு இன்னொரு பண்டத்தையும் ஈன்றன. கியோட்டோ நெறிமுறையின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவான காற்றாலைகளுக்கு, தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதை விற்கும் உரிமை ஆலை உரிமையாளருடையது. வாங்கியோரில் ஐரோப்பியத் தொழிற்சாலைகளும் வங்கிகளும் இருந்தன.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் உமிழ்வுச் சந்தையைத் தொடங்கியது. வரம்பை மீறும் ஆலை பிறரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பதே விதி. விரைவிலேயே அந்த உரிமங்கள் முன்பேர வணிகத்துக்குள் நுழைந்தன. புகையே விடாத வங்கிகளும் அவற்றில் முதலிட்டன. 2018 முதல் ஐரோப்பியச் சட்டம் அவற்றை நிதிப் பத்திரங்களாகவே கருதுகிறது. 2008இல் 20 யூரோவைத் தாண்டி விற்ற தூய்மை வளர்ச்சிச் சான்றிதழ், பொருளாதார மந்தத்தாலும் மிகை வரத்தாலும் 2012 இறுதியில் ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது.

இந்தியாவும் இவ்வழியில் இறங்கியுள்ளது. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துடையது. சிமெண்ட் உள்ளிட்ட தொழில்களுக்கு, உற்பத்தி அலகு ஒன்றுக்கான உமிழ்வு அளவே இலக்கு. எனவே உற்பத்தி பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம்.

நாம் எழுப்பும் கேள்வி நிலத்தைப் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிடப்பட்டது. அந்நிலம் பிற சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. காற்றாலைகள் யாவும் பஞ்சமி நிலத்தில் நிற்கின்றன என்று நாம் சொல்லவில்லை. டன் கணக்கைத் துல்லியமாகச் சரிபார்க்கும் சந்தை, நில வரலாற்றை அதே கண்டிப்புடன் சரிபார்ப்பதில்லை என்கிறோம். பழைய திட்டத்திலும் உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்பது கட்டாயமே. ஆனால் திட்ட ஆவணம் ஆங்கிலத்தில் இணையத்தில் வெளியாகும். கருத்துரைக்க 30 நாள். கூலிக்குச் செல்லும் நம் மக்களில் எத்தனை பேரால் அதைப் படித்து மறுப்பு எழுதியிருக்க முடியும்? மேய்ச்சல் புறம்போக்கை இழந்த நிலமற்றவருக்கோ பட்டா இல்லை. ஆகவே இழப்பீடும் இல்லை.

புதிய சந்தையில் இது தொடரலாகாது. கார்பன் திட்டம் எதையும் பதிவு செய்யுமுன் அந்நிலத்தின் பஞ்சமி வரலாறு சரிபார்க்கப்பட வேண்டும். திட்ட ஆவணம் தமிழில் கிராம சபை முன் வைக்கப்பட வேண்டும். சான்றிதழ் வருவாயில் நிலமற்றோருக்கும் பங்கு சட்டப்படி உறுதியாக வேண்டும். பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி குற்றம். பசுமைத் திட்டம் என்ற பெயர் அதற்கு விலக்களிக்காது. மாணவத் தோழர்கள் தத்தம் ஊரின் அ-பதிவேட்டு நகலைப் பெற்று, காற்றாலையும் சூரிய மின் பண்ணையும் நிற்கும் புல எண்களோடு ஒப்பிடத் தொடங்கட்டும். வழக்கிற்கான முதல் ஆவணம் அதுவே.