மலைக்கு எந்த வண்டி வாங்கலாம்? முதல்ல உங்க காலைக் கேளுங்க

திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம். ஞாயித்துக்கிழமை வால்பாறை. திங்கக்கிழமை என் ஓபி.

கிண்டலுக்குச் சொல்லலைங்க. எலும்பு மருத்துவரா இந்த ஊர்ல உட்கார்ந்திருக்கிற எனக்கு, திங்கக்கிழமை காலையில வர்ற கட்டுகளைப் பார்த்தே ஞாயித்துக்கிழமை பசங்க எந்த மலைக்குப் போனாங்கன்னு தெரிஞ்சிடும்.

"டாக்டர், மலைக்குப் போக எந்த பைக் நல்லாருக்கும்?"னு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேக்கறீங்க. நான் வண்டி ரிவ்யூ பண்றவன் இல்லை. ஆனா தப்பான வண்டி வாங்கினா என்ன ஆகும்ங்கிறதை எக்ஸ்ரேயில பார்க்கிறவன். அந்த உரிமையில இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஒரு தம்பியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

வயசு 23. பனியன் கம்பெனியில பிளாட்லாக் டெய்லர். பீஸ் ரேட். உயரம் 163 செ.மீ. வீடியோ பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, பெரிய அட்வெஞ்சர் பைக் ஒண்ணை இஎம்ஐ போட்டு எடுத்திருக்கார். ரெண்டாவது வாரமே நண்பர்களோட வால்பாறை.

வேகமா போய் விழுந்தாரா? இல்லை. எதிர்ல பஸ் இறங்குது, கொண்டை ஊசி வளைவுல வண்டியை நிறுத்தறார். நிறுத்தி காலை ஊனப் பார்க்கறார். அந்தப் பக்கம் ரோடு சரிவு.

"தரை எட்டலைங்க டாக்டர். அவ்வளவுதானுங்க" என்றார்.

ஏறக்குறைய 200 கிலோ வண்டி கால் மேல சாஞ்சிருக்கு. கணுக்கால்ல ரெண்டு பக்கமும் முறிவு. பிளேட், ஸ்க்ரூ. ஆறு வாரம் கால் ஊனக்கூடாது. மெஷின் பெடலை மிதிக்க அதுக்கு மேலயும் பல வாரம். பீஸ் ரேட்ல வேலை செய்யறவருக்கு, தைக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆனா இஎம்ஐ மாசாமாசம் தேதி தவறாம வரும். அவங்க அம்மா செக்கிங் வேலைக்குப் போறவங்க. அந்த மாசங்கள்ல வீட்டுக்கு வந்தது அவங்க சம்பளம் மட்டும்தான்.

வேகம் ஜீரோ. தப்பு ஓட்டினதுல இல்லை. வாங்கினதுல.

அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். "மலைக்கு எது நல்ல வண்டி?"ங்கிற கேள்வியே தப்பு. "நான் எப்படி ஓட்டறவன், வருஷத்துல எத்தனை நாள் மலையில ஓட்டறேன், என் காலுக்கு எது எட்டும்?" இதுதான் சரியான கேள்வி.

வருஷத்துல 300 நாள் நீங்க ஓட்டறது பி.என். ரோட்டுலயும் பல்லடம் ரோட்டுலயும். கிளட்ச் பிடி, விடு, நிறுத்து, கால் ஊனு, கிளம்பு. அந்த 300 நாளுக்குச் சேராத வண்டி, மீதி 10 நாளுக்காக வாங்கினா உடம்பும் பர்ஸும் சேர்ந்து அடி வாங்கும்.

இப்ப உங்க ரகம் எதுன்னு பாருங்க.

ரகம் 1: தினமும் கம்பெனி, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மலை

உங்களுக்கு கியர் உள்ள 100 முதல் 125 சிசி வண்டி தாராளமா போதும். "அது மலை ஏறுமா டாக்டர்?"னு கேக்காதீங்க. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த மலையில எஸ்டேட்ல வேலை செய்யறவங்க எதுல போய் வர்றாங்கன்னு ஒரு நாள் நின்னு பாருங்க. செகண்ட் கியர்ல மெதுவா ஏறும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மி.மீ. 163 செ.மீ. ஆளுக்கு முன்பாதம் ரெண்டும் நல்லா பதியும். சாய்ஞ்சாலும் தாங்கிப் பிடிக்கலாம்.

ரகம் 2: மாசம் ஒரு தடவையாவது மலை, பின்னாடி ஆளோட

இங்க ரெண்டு பேர் எடையையும் இழுக்கணும், அதைவிட முக்கியமா நிறுத்தணும். 150, 160 சிசி பாருங்க. காரணம் வேகம் இல்லை, பிரேக். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல உள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். சடன் பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகி வழுக்காம இருக்க அது உதவும். சிலதுல முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும், சிலதுல ரெண்டுக்கும். மழைக்காலத்துல மலைக்குப் போறவங்க ரெண்டுக்கும் இருக்கிறதை வாங்குங்க. ஸ்டிக்கருக்கும் கலருக்கும் கூடுதல் காசு கொடுக்கிறதுக்குப் பதிலா அதுக்குக் கொடுங்க.

ரகம் 3: வீட்டுல ஸ்கூட்டர்தான் இருக்கு, அதுலயே போயிடலாம்னு நினைக்கிறவங்க

ஊருக்குள்ள ஸ்கூட்டர் மாதிரி சௌகரியம் எதுவும் இல்லை. ஏறவும் ஏறிடும். பிரச்னை இறங்கும்போது. கியர் வண்டியை செகண்ட்ல போட்டா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு வைக்கும். ஸ்கூட்டர்ல அந்தப் பிடி ரொம்பக் குறைவு. முழுப் பாரமும் பிரேக் மேலதான். வால்பாறை 3500 அடி உயரத்துல இருக்கு. அங்கிருந்து ரெண்டு பேரும் ஒரு குழந்தையுமா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் கொதிக்கும். கொதிச்ச பிரேக் ஒரு கட்டத்துல பிடிக்காது. ஊட்டி கல்லட்டி பாதையில 36 வளைவு, கொல்லிமலையில 70. குடும்பமா போறதா இருந்தா பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு அரசு பஸ் இருக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து போங்க, ஓட்டறவரும் மலையைப் பார்க்கலாம். ஸ்கூட்டர்லதான் போவேன்னா தனியா போங்க, விட்டு விட்டு பிரேக் பிடிங்க, நடுவுல நிறுத்தி ஆற விடுங்க.

ரகம் 4: மண் ரோடு, கல்லு ரோடு, நீண்ட பயணம்தான் என் உசுரு

இவங்களுக்குத்தான் அட்வெஞ்சர் பைக். ஆனா அதுலயும் வித்தியாசம் பாருங்க. எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோ. ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. ரெண்டுக்கும் சீட் உயரம் 825 மி.மீ.ல ஆரம்பிக்குது. ரெண்டுமே நல்ல வண்டிதான். 175 செ.மீ. உயரம் இருந்து, தனியா 200 கிலோ வண்டியைத் தூக்கி நிறுத்தத் தெரிஞ்சவருக்கு எதுவும் பிரச்னையில்லை. 163 செ.மீ. இருக்கிறவர் அதையே வாங்கணும்னா சீட்டைத் தாழ்த்த முடியுமா, பழகிக்க ஆறு மாசம் பொறுமை இருக்கான்னு பார்த்துட்டு வாங்கணும்.

ரகம் 5: ஒரே ஒரு தடவை லடாக்

இந்த ஆசையோட வர்ற பசங்கதான் அதிகம். வாழ்க்கையில ஒரு தடவை போற 10 நாளுக்காக, அஞ்சு வருஷம் அந்தப் பெரிய வண்டியை புஷ்பா தியேட்டர் பஸ் ஸ்டாப் டிராஃபிக்ல உருட்டாதீங்க. லே நகரத்துலயே பைக் வாடகைக்குக் கிடைக்குது. ஊருக்குச் சின்ன வண்டி, லடாக்குக்கு வாடகை வண்டி. கணக்குப் போட்டுப் பாருங்க.

கூடவே ஒரு மருத்துவக் குறிப்பு. லே 3500 மீட்டர் உயரம். போய் இறங்கின முதல் ரெண்டு நாள் ஓய்வு எடுங்க. கர்துங் லா 5300 மீட்டருக்கு மேல. அங்க காற்றழுத்தம் நம்ம ஊர்ல இருக்கிறதுல ஏறக்குறைய பாதிதான். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தா "கெத்து போயிடும்"னு மேல ஏறாதீங்க. கீழ இறங்குங்க.

சரி, ரகம் தெரிஞ்சாச்சு. ஷோரூம் போய் என்ன பண்றது? நாலு சோதனை.

ஒண்ணு: வீட்டுலயே சுவரோரம் நின்னு, ஒரு நோட்டைக் கால் இடுக்குல வச்சு, தரையில இருந்து அதுவரை அளங்க. அந்தத் தம்பிக்கு 75 செ.மீ. அவர் வாங்கின சீட் 80 செ.மீ.க்கு மேல. தினமும் போடற செருப்போட உட்கார்ந்து பாருங்க, கடையில கொடுக்கற ஷூவோட இல்லை. ரெண்டு முன்பாதமும் ஒரே நேரத்துல பதியணும்.

ரெண்டு: வண்டியை ஆஃப் பண்ணி, உட்கார்ந்தபடியே கால்ல பின்னாடி தள்ளுங்க. லேசான மேட்டுல தள்ள முடியலைன்னா, மலையில வண்டியைத் திருப்ப ஒவ்வொரு தடவையும் நண்பனைக் கூப்பிடணும்.

மூணு: டெஸ்ட் டிரைவ்ல நேர் ரோட்டுல முறுக்கறது சோதனை இல்லை. மெதுவா, ஒரே வீச்சுல கால் ஊனாம யூ டர்ன் அடிங்க. கொண்டை ஊசி வளைவுன்னா அதுதான்.

நாலு: 20 நிமிஷம் உட்காருங்க. இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். நாள் முழுக்க பவர் டேபிள்ல கழுத்தைக் குனிஞ்சு தைக்கறீங்க. கட்டிங்ல இருக்கறவங்களுக்கு மணிக்கட்டு ஏற்கெனவே மரத்துப் போகுது. அந்த உடம்போட வயித்துல படுத்த மாதிரி ஓட்டற ஸ்போர்ட்ஸ் பைக்கை எடுத்தா, முதுகும் கழுத்தும் மணிக்கட்டும் ஒண்ணா கேள்வி கேக்கும். ஹேண்டில்பார் உயரமா, நிமிர்ந்து உட்கார்ற வண்டிதான் உங்களுக்கு.

இன்னொரு கணக்கும் மனசுல வைங்க. வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்கு. பெரிய இன்ஜின் உங்களை அந்த வேகத்துக்கு நைசா கூட்டிட்டுப் போயிடும். 80ல போற மாதிரியே தோணாது. வளைவு வரும்போதுதான் தோணும்.

பட்ஜெட் போடும்போது ஹெல்மெட்டையும் வண்டி விலையோட சேர்த்துப் போடுங்க. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, ரெண்டு. பின்னாடி உட்கார்றவருக்கும் சட்டப்படி கட்டாயம். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, ஹெல்மெட் சாவை சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. நான் எழுதற எந்த மருந்துக்கும் இவ்வளவு பலன் இருக்குன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

கடைசியா ஒண்ணு. வண்டி சரியா இருந்தும் விழறவங்க இருக்காங்க. காரணம் தூக்கம்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து, ராத்திரி 8.30 வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் அடிச்சு, சம்பளம் வாங்கி, பசங்களோட பேசிட்டு, தூங்காமலே விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினா, கிளம்பும்போதே 21 மணி நேரம் முழிச்சிருக்கீங்க. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தாலே மூளையோட வேகம், ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கறவரோட அளவுக்கு மந்தமாகுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம நாட்டுச் சட்டப்படி ஓட்டுறதுக்கு வரம்பே 0.03 சதவீதம்தான். நீங்க ஒரு சொட்டு குடிக்கலை. ஆனா உங்க மூளை குடிச்ச மூளை மாதிரி முதல் வளைவுக்கு வருது.

தூங்கிட்டு ஆறு மணிக்குக் கிளம்புங்க. மலை அங்கேயேதான் இருக்கும்.

"டாக்டர், ஆறு நாள் மெஷின் முன்னாடி உட்கார்றோம். ஏழாவது நாள் ஒரு ஆசை. அதையும் கெடுக்கறீங்களே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த ஏழாவது நாள் உங்களுக்கு வேணும். பஞ்சு தூசியில இருந்து வெளிய வந்து ஆழியாறு அணையைத் தாண்டி முதல் குளிர்காத்து முகத்துல படறது என்னன்னு எனக்கும் தெரியும். நான் போகாதீங்கன்னு சொல்லலை. எட்டாவது நாள் வேலைக்குப் போற மாதிரி போய்ட்டு வாங்கங்கிறேன். பெரிய வண்டியைக் குறை சொல்லலை. பிராண்டுக்கோ சிசிக்கோ நான் எதிரி இல்லை. அடுத்தவரோட உயரத்துக்கும் அடுத்தவரோட வீடியோவுக்கும் நீங்க இஎம்ஐ கட்டாதீங்கங்கிறதுதான் என் கருத்து.

அந்தத் தம்பி போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தார். நல்லா நடக்கறார். பெரிய வண்டியை நஷ்டத்துக்கு வித்துட்டாராம். 125 ஒண்ணு பார்த்து வச்சிருக்காராம்.

"உட்கார்ந்து பார்த்தேனுங்க டாக்டர். ரெண்டு காலும் ஊனுதுங்க" என்றார்.

ஹெல்மெட் ரெண்டு வாங்கியாச்சான்னு கேட்டேன். சிரிச்சார். அப்ப இன்னும் வாங்கலை.

புதுசா வண்டி வாங்கப் போற உங்க தம்பி, மகன், கூட வேலை செய்யறவர் யாராவது இருந்தா, ஷோரூம் போறதுக்கு முன்னாடி இதை அவருக்கு அனுப்புங்க.

எலும்பு மூட்டு மருத்துவர்,
திருப்பூர்