உப்பு நீருக்கு ஒரு வக்காலத்து

தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடைப்பட்ட புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குறித்துக் குடித்தனக்காரர்கள் முறையிடுவதெல்லாம் வீண் ஆர்ப்பாட்டம் என்றும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு ஹிதமானதே என்றும், லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது என்றும் நண்பர் ஒருவர் தம் கட்டுரையில் வாதிக்கிறார். அந்த 600, வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு மட்டும் அளிக்கப்பட்ட சலுகை. ஏற்கத்தக்க அளவாக அதே நிர்ணயம் விதித்திருப்பது 200 தான் என்பதை அவர் ஏனோ சொல்லாமல் விட்டார்.

எலும்பின் க்ஷேமம் இருக்கட்டும். குடிப்பதற்குப் பெரும்பாலோர் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள்; ஆகவே வழக்கு குடிநீரைப் பற்றியதே அன்று. நுரைக்க வேண்டிய சோப்பு கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் கூடிப் பிசுபிசுத்த வண்டலாகி வேட்டியின் இழைகளிலேயே தங்கிவிடுவதும், எத்தனை விசில் வந்தாலும் துவரம் பருப்பு குழையாமல் விறைத்து நிற்பதும், கீசரின் கம்பிச் சுருளில் ஓடு கட்டி மின்சாரம் விரயமாவதும், நேற்றுத் துலக்கிய எவர்சில்வர் குடத்தில் இன்று வெண்திட்டுகள் பூத்திருப்பதும் எந்தச் சத்தின் கணக்கில் சேரும்?

காய்ச்சினால் தீர்ந்தது என்ற உபதேசமும் அரைகுறையானதே. பைகார்பனேட்டால் விளையும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே கொதிப்பில் நீங்கும். சல்பேட்டும் குளோரைடும் அசைந்து கொடுக்கமாட்டா. நீங்கியதும் எங்கும் போய்விடுவதில்லை, பாத்திரத்தின் அடியில்தான் படிகிறது. அதைச் சுரண்டும் பிரயாசை யாருடையது என்று நண்பர் தம் வீட்டு அடுக்களையில் விசாரித்திருந்தால், அவர் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.