சிரிக்க வைத்தால் மட்டமா?

காலை நடையில் கூட வரும் நண்பரிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். “வேஷம் கட்டிக்கொண்டு கேலி பண்ணியிருக்கிறார்கள் சார். கடைசிப் பாட்டு ஒன்றுதான் தேறும்” என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1967-இல் அது வெளிவந்தபோதே நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது.

எனக்கு இதில் சம்மதமில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் உயர்ந்த கலை என்று நினைப்பது நம் வயசுக்காரர்களின் வியாதி.

வேஷம் உண்மைதான். நான்கு பேரும் வேறொரு பேண்டாக நடிப்பதுதான் அந்த இசைத்தட்டின் யோசனையே. ஆனால் அந்த விளையாட்டுக்குப் பின்னால் உழைப்பு எவ்வளவு! 1843-ஆம் வருஷத்து சர்க்கஸ் விளம்பரத்தை வைத்து ஜான் லென்னன் ஒரு பாட்டு எழுதினார். அதில் சர்க்கஸ் களை வர வேண்டுமென்று, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஆர்கன் ஒலிநாடாக்களைத் துண்டு துண்டாக வெட்டி, கலைத்துப் போட்டு, மறுபடி ஒட்ட வைத்தார்.

நண்பர் மெச்சுகிற கடைசிப் பாட்டுக்கே வருவோம். அதற்கு 40 வாத்தியக்காரர்கள் கோட்டு சூட்டில் வந்தார்கள். அவர்களுக்குக் கோமாளி மூக்கும் வேடிக்கைத் தொப்பியும் கொடுக்கப்பட்டன. அடி ஸ்வரத்தில் தொடங்கி உச்சி வரை, பக்கத்து ஆளைக் கவனிக்காமல், அவரவர் போக்கில் ஏற வேண்டும் என்பது உத்தரவு. இன்றைக்குக் கேட்டாலும் வயிற்றைக் கலக்குகிறது. கோமாளி மூக்கோடு வாசித்ததால் அந்த இசையின் கனம் குறைந்துவிட்டதா?

‘வென் ஐயாம் சிக்ஸ்டி ஃபோர்’ பாட்டைத்தான் நண்பர் அதிகம் மட்டம் தட்டினார். பால் மெக்கார்ட்னி பதின்வயதில் போட்ட மெட்டு அது. பதிவான 1966-இல் அவருடைய அப்பாவுக்கு 64 வயது. மூன்று கிளாரினெட்டுகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கின்றன. கிழவனான பிறகும் என்னை வைத்துக்கொள்வாயா என்று ஓர் இளைஞன் காதலியைக் கேட்கிறான். சின்னச் சின்ன ரிப்பேர் பார்ப்பேன், தோட்ட வேலை செய்வேன் என்று வேலைக்கு மனுப் போடுவது போலத் தகுதிகளை அடுக்குகிறான்.

ரிட்டயரான நாளிலிருந்து நானும் வீட்டில் அதே மனுவைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். கரண்ட் பில் கட்டுகிறேன், ரேஷன் கடைக்குப் போகிறேன், பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்கிறேன். எதற்கென்று இந்த வலைப்பூவைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். நாம் யாருக்கும் வேண்டாதவர்களாகிவிடுவோமோ என்கிற பயத்தை வாய்விட்டுச் சொல்ல நமக்கு வெட்கம்.

இதையே ஒப்பாரியாகப் பாடியிருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் கடைசி வரை கேட்க முடிகிறது. நண்பர் அந்த ஒரு பாட்டை இன்னொரு தரம் கேட்டுவிட்டு வரட்டும். அப்புறம் பேசுவோம்.